கப்பல் விருந்துக்கு ஒரு கோட்

முதலாம் நாள், கொக்குவில்

கொழும்புக் கோட்டையில் விடியற்காலை ஏறிய ரயில் யாழ்ப்பாணத்தில் என்னை இறக்கிவிட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்துவிட்டது. ஆனையிறவு தாண்டும்போது இரு பக்கமும் உப்புவெளி கண்ணைக் கூசச் செய்தது. கைப்பையை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். கப்பல் நிறுவனம் அனுப்பிய தாள்கள் அதற்குள் இருந்தன. அவற்றில் ஒரு பக்கம் முழுவதும் உடுப்பைப் பற்றியது. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் லண்டனிலிருந்து இந்தத் தடவை வந்திருக்கிறேன்.

அத்தானுக்கு இந்த வருடம் எழுபது வயது. அவரும் அக்காவும் ஆகஸ்டில் எங்களிடம் வருகிறார்கள். சௌதாம்ப்டனில் புறப்பட்டு நோர்வேயின் மலையிடுக்குக் கடல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்கு நான்கு பேருக்கும் இடம் பதிந்தாயிற்று. விசா அலுவல்கள், காப்புறுதி, அக்காவின் மருந்துகள் எல்லாம் பேசி முடிந்தன. முடியாமல் நின்றது அத்தானின் உடுப்பு. ஏழு இரவுகளில் இரண்டு இரவு, ஆண்கள் டின்னர் ஜாக்கெட் அல்லது கடும் நிற சூட், கழுத்துப்பட்டியுடன்தான் பிரதான உணவு மண்டபத்துக்குள் போகவேண்டும். அத்தான் தொலைபேசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, நான் கோட் சூட் போட்டதில்லை. இனிப் போடவும் மாட்டேன். நீங்கள் மூவரும் போய் வாருங்கள்."

முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவர். அத்தனை வருடமும் வெள்ளை வேட்டி, நாஷனல் என்கிற வெள்ளைத் தேசியச் சட்டை. ஷெல் விழுந்த நாட்களிலும் அந்த நாஷனலில் கஞ்சி மொடமொடப்புக் குறைந்ததில்லை என்று அக்கா சொல்வாள். அவரிடம் தொலைபேசியில் வாதாடி வெல்ல முடியாது. நேரில் வந்துவிட்டேன்.

அந்த இரவுகளை ஆங்கிலத்தில் ஃபார்மல் நைட் என்பார்கள். நான் விருந்துடை இரவு என்று எழுதுகிறேன். நானும் கணவரும் முதன்முதலாகக் கப்பலில் போனது 2005ஆம் ஆண்டு. கப்டன் வரவேற்பு தரும் மாலையில், நடு மண்டபத்தின் வளைந்த படிக்கட்டில் பெண்கள் நீண்ட அங்கிகளோடு இறங்கி வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஓர் ஓரமாகப் படப்பிடிப்பாளர்கள் திரை கட்டி, விளக்கு வைத்துக் காத்திருந்தார்கள். எங்கள் மேசையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவருடைய மனைவி தன் நீல அங்கிக்காக ஒரு வருடம் காசு சேர்த்ததாகச் சொன்னார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் யார் சாரதி, யார் வங்கி முகாமையாளர் என்று உடுப்பை வைத்துச் சொல்லவே முடியவில்லை. எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் கொஞ்சம் சிரமப்பட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கிறது.

கடைசியாகப் போன பயணத்தில் அதே மாதிரியான இரவில் பக்கத்து மேசைக்கு ஒருவர் உதைபந்தாட்டச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எதிரே எண்பது வயதுப் பெண் ஒருவர் முத்துமாலையும் கையுறையும் அணிந்து இருந்தார். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். அத்தான் தாளை இன்னும் கையில் எடுக்கவில்லை. நானும் நீட்டவில்லை.

இரண்டாம் நாள், பெரியகடை

காலையில் அத்தானைச் சமாதானப்படுத்தி டவுனுக்குக் கூட்டிப்போனேன். "பார்ப்பதற்குத்தான், தைப்பதற்கு அல்ல" என்று வாக்குக் கொடுத்தபின்தான் ஓட்டோவில் ஏறினார். நவீன சந்தைப் பக்கம் உள்ள ஒரு தையல் கடையில் இளைஞன் ஒருவன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி எங்களை வரவேற்றான்.

கடைக்குள் கண்டதை நான் எதிர்பார்க்கவில்லை. சுவர் முழுக்க சூட். கடும் நீலம், சாம்பல், மெரூன், பளபளக்கும் கறுப்பு. "இப்போது மாப்பிள்ளைமார் எல்லோருக்கும் இது வேண்டும் அக்கா. காலையில் தாலி கட்டும்போது பட்டு வேட்டியும் தலைப்பாகையும். பின்னேர வரவேற்புக்குக் கோட் சூட். தோழன்மாருக்கும் ஒரே நிறத்தில் கேட்கிறார்கள். தைக்க நேரமில்லாதவர்களுக்கு வாடகைக்கும் கொடுக்கிறோம்" என்றான். தன் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு படமாகக் காட்டினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, குறிப்பாகத் தோள்மூட்டு.

எனக்கோ மனம் வேறு எங்கோ போய்விட்டது. கப்பல்களில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிற உடுப்பை இங்கே யாழ்ப்பாணத்தில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். வாழ்க்கையில் ஒரு நாள் சினிமா நாயகன்போல நிற்க ஆசைப்படுவதில் பிழை எதுவும் இல்லை. இருந்தாலும், கடைக்கு வெளியே பிளேன்டீக் கோப்பையோடு வெள்ளை வேட்டியில் நின்ற அத்தானையும் உள்ளே தொங்கிய மெரூன் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தபோது, எது விருந்துக்குரிய உடை என்று என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அளவு எடுக்காமலே திரும்பினோம். பஸ் நிலையத்தை நோக்கி நடக்கும்போது அத்தான் பேசத் தொடங்கினார். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததையும், அவரை அழைத்தவர்கள் இங்கிருந்த மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள் என்பதையும், ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் காற்சட்டையும் கோட்டும் படித்தவனின் அடையாளமாக இருந்த காலத்தில் வேண்டுமென்றே தேசிய உடைக்கு மாறியதையும் சொன்னார். "எனக்குப் படிப்பித்தவர்கள் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். சூட் வாங்கக் காசில்லாமல் வேட்டி கட்டியவர்கள் என்று நினைத்துவிடாதே பிள்ளை. யோசித்துக் கட்டியவர்கள்." வாதத்துக்காகச் சொல்லவில்லை, பாடம் நடத்துவதுபோலத்தான் சொன்னார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் வாசிக்க முதல் என்னைக் கேட்டார்: "இது ஏன் வந்தது? இப்போது ஏன் போகிறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேட்டுக்குடி ஆங்கிலேயர் வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றியவர்கள். கப்பலின் முதல் வகுப்பு அவர்கள் வீட்டின் நீட்சி. அந்தக் காலத்தில் மரப்பெட்டிகளை எத்தனை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பயணத்தில் தேவைப்படாத பெட்டிகளுக்கு அப்படியே எழுதி ஒட்டிக் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார்கள். முதல் நாள் இரவு பெட்டி அவிழ்த்திருக்க மாட்டார்கள், கடைசி இரவு கட்டியிருப்பார்கள் என்பதால் அந்த இரண்டு இரவும் யாரும் விருந்துடை அணிவதில்லை. அந்த வழக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. டக்சீடோ என்ற பெயர் நியூயோர்க் மாநிலத்தில் டக்சீடோ பார்க் என்ற ஊரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அதையே டின்னர் ஜாக்கெட் என்கிறார்கள்.

போவதற்குக் காரணங்கள் பல. இன்றைக்குக் கப்பல் ஏறுகிறவர்களில் பெரும் பகுதியினர் துறைமுகத்துக்கு விமானத்தில் வருகிறார்கள். விமானத்தில் 23 கிலோ. ஒரு சூட், ஒரு சோடி தோல் சப்பாத்து, ஒரு நீண்ட அங்கி என்று வைத்தால் பெட்டியின் கால்வாசி போய்விடும். கப்பல்களும் மாறிவிட்டன. ஒரு மண்டபம், ஒரு நேரம், குறித்த மேசை என்ற ஒழுங்கு உடைந்து பத்து உணவகங்கள் வந்துவிட்டன. நோர்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில், விரும்பிய நேரத்தில் விரும்பிய உடையில் சாப்பிடலாம் என்பதையே விளம்பரமாக்கியது. செலிப்ரிட்டி 2015இன் இறுதியில் விருந்துடை இரவு என்ற பெயரையே எடுத்துவிட்டு 'ஈவினிங் ஷீக்' என்று வைத்தது. ஹாலண்ட் அமெரிக்கா, ரோயல் கரீபியன் போன்றவையும் பெயரை மாற்றிச் சொல்லை இளக்கிக்கொண்டன. வைக்கிங் கப்பல்களில் அப்படி ஓர் இரவே கிடையாது. வேர்ஜின் கப்பல்களில் ஓர் இரவு எல்லோரும் சிவப்பு அணிகிறார்கள், அவ்வளவுதான். குனார்ட் 'காலா ஈவினிங்' என்ற பெயரில் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கேயும் ஆறு மணிக்குப் பிறகு உடை மாற்ற விரும்பாதவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கிவிட்டார்கள். அலுவலகத்துக்கே யாரும் கழுத்துப்பட்டி கட்டிப் போகாத காலத்தில், விடுமுறைக்கு அதைக் கட்டச் சொன்னால் இளையவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முதல் எழுத்திலிருந்து வாசித்தார். விடைத்தாள் திருத்துகிற வேகம். கீழே வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். சிறிய எழுத்தில் ஒரு வரி: தேசிய முறை உடையும் இராணுவச் சீருடையும் ஏற்கப்படும்.

"இதோ இருக்கிறதே" என்றார். "பிறகு ஏன் நீ என்னைத் தையல் கடைக்குக் கூட்டிப்போனாய்?"

காரணத்தை நாளைக்குச் சொல்வதாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள், நல்லூர்

விடியற்பூசைக்கு நல்லூர் போனோம். வீதியெல்லாம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. வாசலில் ஆண்கள் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் இளைஞர், கை முழுக்க எண்ணெய்க் கறையோடு ஒரு திருத்துநர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பார்த்ததுமே தெரிகிற ஒரு பெரியவர். மூவரும் சட்டையைக் கையில் மடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே அர்ச்சனைச் சீட்டு எல்லோருக்கும் ஒரு ரூபாய்.

சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. ஆனால் பையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தது இன்றுதான். நல்லூரின் விதி யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்வதில்லை, இருப்பதைக் கழற்றச் சொல்கிறது. கப்பலின் விதியோ கடைக்குப் போகச் சொல்கிறது. இரண்டுமே எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தத்தான் பார்க்கின்றன. ஒன்றுக்குச் செலவில்லை, மற்றதற்குச் செலவு இருக்கிறது. அந்த பஸ் சாரதியின் மனைவி ஒரு வருடம் சேர்த்த காசு இப்போது எனக்கு வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. அவர் சந்தோஷமாகச் சேர்த்தார், உண்மைதான். சேர்க்க முடியாமல் கப்பலே ஏறாதவர்களை நான் கண்டிருக்க வழியில்லை.

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நல்லூரில் ஒருவர் மட்டும் சட்டையோடு நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முருகன் கோபிக்கப் போவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் அது உறுத்தும்.

வெளிவீதி மணலில் உட்கார்ந்து, அக்கா பூ வாங்கப் போன நேரத்தில், அத்தானுக்கு நேற்றைய பதிலைச் சொன்னேன்.

2007இல் எங்கள் இரண்டாவது கப்பல் பயணம். எந்த நிறுவனம் என்பது தேவையில்லை. என் கணவர் முதல் விருந்துடை இரவுக்கு வேட்டி, நாஷனல், சரிகைச் சால்வை என்று ஆசையாக உடுத்துக்கொண்டு வந்தார். நான் காஞ்சிபுரம் சேலை. உணவு மண்டப வாசலில் நின்ற ஊழியர் எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். என் கணவரைப் பார்த்து, நீளக் காற்சட்டை இல்லாமல் உள்ளே விடமுடியாது என்றார். பின்னால் வரிசை. இது எங்கள் நாட்டு முறை உடை என்று சொல்லிப் பார்த்தோம். அவர் சிரித்தபடியே, படுக்கைத் துணி சுற்றியதுபோல் இருக்கிறது என்றார். என் கணவர் ஒன்றும் பேசாமல் அறைக்குப் போய் சூட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, விதிப்படி அந்த உடை சரியானது, ஊழியருக்குத் தெரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். பழத்தட்டு ஒன்றும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான்கு தடவை கப்பலில் போயிருக்கிறோம். என் கணவர் ஒரு தடவைகூட வேட்டி எடுத்து வைக்கவில்லை.

"உங்களுக்கும் அது நடந்துவிடக் கூடாது, அத்தான்" என்றேன். என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அவர் நெடுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொடியனுக்கு விதி தெரியவில்லை. அது அவனுடைய பிழை. உன் மனுசன் ஏன் அதைத் தன் பிழையாக எடுத்தார்?" என்றார். பிறகு, "எழுதியிருந்தால் எழுதியபடி நடக்கவேண்டும். நடக்காவிட்டால் வாசித்துக் காட்டவேண்டும்" என்றார்.

இரவு அக்கா பழைய அலுமாரியைத் திறந்தாள். அத்தானின் பாட்டனாரின் படம் ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. பாட்டனார் மலாயாவில் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். கோலாலம்பூரில் ஏதோ படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்தது. தலையில் தலைப்பாகை. கழுத்து மூடிய கறுப்புக் கோட், ஐந்து பொத்தான். அதற்குக் கீழே வெள்ளை வேட்டி, காலில் மினுங்கும் சப்பாத்து. ஒரு கை நாற்காலி முதுகில்.

"இவர் பினாங்குக்குப் போனதும் கப்பலில்தானே" என்றாள் அக்கா.

மூவரும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் வாய் திறந்தது அத்தான். "இப்படி ஒன்று தைக்க இப்போது ஆள் இருக்கிறதா?"

நான்காம் நாள், கோண்டாவில் வழியாகக் காங்கேசன்துறை

ஆள் இருந்தார். கோண்டாவிலில், வீட்டு விறாந்தையிலேயே தையல் மெஷின் வைத்திருக்கும் முதியவர். எழுபத்தெட்டு வயது. அத்தான் தன் நாஷனல்களை அவரிடம்தான் முப்பது வருடமாகத் தைக்கிறார்.

படத்தை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "மாஸ்ரர், இது குளோஸ் கோட். என் தகப்பனார் தைத்தவர். நான் கைக்கு உதவி செய்திருக்கிறேன், தனியாகத் தைத்ததில்லை." கழுத்துப்பட்டை எவ்வளவு உயரம் நிற்கவேண்டும், உள்ளே கன்வஸ் எங்கே கொடுக்கவேண்டும், வேட்டிக்கு மேல் விழும்போது கோட் இடுப்புக்குக் கீழே எவ்வளவு இறங்கவேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். சூட் கோட் காற்சட்டைக்கு மேல் விழுவதற்காக வெட்டப்படுவது, அதே வெட்டை வேட்டிக்கு மேல் போட்டால் கொசுவம் தள்ளி முன்பக்கம் திறந்துகொள்ளும் என்றார். இந்த நுணுக்கம் எனக்கு இன்றுவரை தெரியாது. கீழே நான்கு அங்குலம் நீளம் கூட்டி, பின்புறம் நடுவில் ஒரு பிளவு விட முடிவு செய்தார். துணி, நான் லண்டனிலிருந்து கொண்டுவந்திருந்த கடும் நீலக் கம்பளிக் கலப்பு. அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துத் தலையசைத்தார்.

அளவெடுக்கும்போது அத்தான் சின்னப் பிள்ளைபோல நேராக நின்றார்.

பிறகு காங்கேசன்துறைக்குப் போனோம். அக்காவுக்குக் கடல் பார்க்க ஆசை. நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த கரை இது. வெளிச்சவீட்டையும் அலைதடுப்பையும் பார்த்துக்கொண்டு நின்றோம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' உல்லாசக் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. 1990இல் பிரான்சில் கட்டிய கப்பல் அது, பல பெயர் மாறி வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கியவர்களை அக்கா நல்லூரில் கண்டிருக்கிறாள். "எல்லோரும் சப்பாத்தும் தொப்பியுமாக வந்தார்கள். ஆனால் கோயில் வாசலில் அத்தனை ஆண்களும் மறு பேச்சில்லாமல் சட்டையைக் கழற்றினார்கள்" என்றாள்.

ஐந்தாம் நாள், மழை

பகல் முழுக்க மழை. மழை விட்ட சிறிது நேரத்தில் மட்டும் வல்வெட்டித்துறைக்கு ஓடிப் போய் வந்தோம். இங்கே கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போனார்கள். கடற்கரையில் நின்று அத்தான் அதைச் சொன்னபோது, காற்றில் அவருடைய வேட்டி படபடத்துக்கொண்டிருந்தது. அந்த மாலுமிகள் குளோஸ்டரில் எந்த உடுப்போடு இறங்கியிருப்பார்கள் என்று கேட்டேன். "கடலில் வேலை செய்கிறவன் வசதியானதைத்தான் கட்டியிருப்பான்" என்றார்.

மீதி நேரம் அக்காவின் பெட்டி. சேலை கட்டுகிற பெண்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. நான் போன எந்தக் கப்பலிலும், எந்த இரவிலும், பட்டுச் சேலையைப் பார்த்து ஒருவரும் தயங்கியதில்லை. 2005இல் கட்டிய சேலையை ஆகஸ்டிலும் கட்டப்போகிறேன். உடம்பு மாறினாலும் சேலை மாற்றம் கேட்பதில்லை. நீண்ட அங்கி வாங்கும் வெள்ளைக்காரத் தோழிகள் மூன்று வருடத்துக்கொருமுறை புதிதாக வாங்கவேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சில விடயங்களை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். ஸ்திரிக்கைப் பெட்டி கொண்டுபோகவே கூடாது. தீப்பயத்தால் அறைக்குள் அதற்கு அனுமதியில்லை, ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். சில கப்பல்களில் பயணிகளுக்கென்று சலவை அறை இருக்கும், அங்கே ஸ்திரிக்கை போடலாம், ஆனால் விருந்துடை இரவன்று பின்னேரம் அங்கே வரிசை நிற்கும். அதனால் பட்டை மடிக்காமல் ஒரு பருத்தித் துணியோடு சேர்த்து உருட்டி வைப்பது நல்லது. கடல் ஆடினால் படிக்கட்டில் கொசுவம் காலில் மாட்டும். சேலையைக் கணுக்காலுக்கு ஓர் அங்குலம் மேலே கட்டி, தட்டையான செருப்புப் போட்டால் பயமில்லை. மண்டபங்களில் குளிரூட்டி பலமாக இருக்கும், சால்வை கட்டாயம். முதல் இரவுக்குரிய உடுப்பைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது, அது அறைக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிடும்.

அத்தானுக்கு ஒன்றே ஒன்று: வேட்டிக்கு மேல் பெல்ட். அதை அவர் எழுபது வயதில் என்னிடம் கற்கத் தேவையில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள்.

லண்டனிலிருந்து என் கணவர் அழைத்தார். பாட்டனாரின் படத்தை நேற்று அவருக்கு அனுப்பியிருந்தேன். கோட்டின் பொத்தான்களைப் பற்றி விசாரித்தார், துணி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு வேறு கதை பேசினார். அழைப்பை முடிக்கும்போது, "என் அளவையும் அந்தத் தையல்காரரிடம் கொடுத்துப் பார்" என்றார். பதினெட்டு வருடத்துக்கு மேலாயிற்று. நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் நாள், கோண்டாவில்

நாளை ரயில். இன்று காலை போட்டுப் பார்க்க வரச்சொல்லியிருந்தார் தையல்காரர். இரண்டு நாளில் கோட்டை நிறுத்திவிட்டார். இரவும் தைத்திருக்கிறார் என்பது அவருடைய மனைவியின் முகத்தில் தெரிந்தது.

கைகள் இன்னும் நூலோட்டத்தில்தான் நின்றன, பொத்தான்கள் இல்லை, ஊசிகள் குத்தியிருந்தன. அத்தான் புது வேட்டி கட்டி, அதற்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். காலில் சப்பாத்து மட்டும் இல்லை. கழுத்துப்பட்டை தாடைக்குக் கீழே நிமிர்ந்து நின்றது. அக்கா ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கிட்டப் போய்த் தோளில் இருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

தையல்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். வலது தோளைக் கால் அங்குலம் இறக்கினார். பின்பிளவைச் சுண்ணாம்பால் குறித்தார். "நடந்து காட்டுங்கள் மாஸ்ரர்" என்றார். அத்தான் படலைவரை நடந்து திரும்பினார். "இனி இருந்து காட்டுங்கள்." இருந்தார். "சாப்பிடுகிறமாதிரிக் கையைத் தூக்குங்கள்." தூக்கினார். அக்குளில் இழுத்தது. அதையும் குறித்துக்கொண்டார். கப்பலில் இருப்பதும் சாப்பிடுவதும்தானே முக்கியம் என்றார் அவர்.

என் கணவரின் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். துணி காணும், வெட்டும்போது கவனமாக இருந்தால் சரி என்றார். இரண்டு கோட்டும் முடிந்ததும் அக்கா கொண்டுவருவாள்.

புறப்படும் நேரத்தில் அவர் கேட்டார்: "உள்ளே ஒரு பை வைக்கவேண்டும். எவ்வளவு பெரிது? கண்ணாடிக்கா, காசுக்கா?"

அத்தான் என் பக்கம் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, கீழே உள்ள சிறிய வரியின் அடியில் கோடு போட்டார். தாளை நான்காக மடித்தார். மடித்ததைத் தையல்காரரின் மேசையில் வைத்தார்.

"இந்த அளவு" என்றார்.